வீட்டுக் காவல்: தமிழ்ப் புனைகதையில் தாயும் மகளும்



ஆணாதிக்கச் சமூகத்தில் பெண்ணின் நிலையைப் புனைகதைகள் எப்படிக் காட்டுகின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஓர் ஆண்டு முழுக்கப் பாடம் நடத்தினாலும் தீராத பொருள் அது. கிடைத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் அதன் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். மகளை அடக்கி வைக்கிற வேலையை வீட்டுக்குள் செய்பவர் யார்? நம் கதைகளைப் படித்துக்கொண்டே வந்தால், பல இடங்களில் அது தாய். குடித்துவிட்டு அடிக்கும் கணவனையும் ஏமாற்றிப் போகும் காதலனையும் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்; எழுதியும் இருக்கிறார்கள். மகளின் வாயைப் பொத்தும் தாயை எழுதுவது கடினம். அந்தக் கடினத்தைத் தாண்டி எழுதியவர்கள் சிலர் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று.

தாய் என்று சொன்னதுமே, 'பெண்ணுக்குப் பெண்தான் எதிரி' என்ற பேச்சு எழுந்து வந்துவிடும். பட்டிமன்ற மேடையிலும் சின்னத்திரைத் தொடரிலும் அந்தப் பேச்சுக்கு என்றும் கைதட்டல் உண்டு. எனக்கு அதன்மேல் கோபம் உண்டு. மாமியாரையும் மருமகளையும் மோதவிட்டு, வீட்டின் சொத்தும் முடிவும் யார் கையில் என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது. நான் சொல்லப்போகும் கதைகள் அப்படி மறைப்பதில்லை. விதியை வகுத்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்; அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அடுக்களைக்குப் போகிறது. மகள் தடம் மாறினால் 'வளர்த்த லட்சணம் அப்படி' என்று தாயைத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும் என்ற பயத்தில்தான் தாய் காவல் நிற்கிறாள். அவளுடைய சோறும் கூரையும் அந்தக் காவலைப் பொறுத்தே இருக்கின்றன.

இதை ஒரே எழுத்தாளர் இரண்டு முறை எழுதிப் பார்த்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழைக்காலத்து மாலை, கல்லூரி விட்டு பஸ்ஸுக்காக நிற்கும் பெண், அருகில் வந்து நிற்கும் பெரிய கார். நடக்கக்கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். முதலில் அம்மாவுக்கு வருவது அடியும் அலறலும்தான். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் என்னவென்று விசாரிக்கிறார்கள். ஒண்டுக் குடித்தனத்தில் எந்தச் சத்தமும் ஒரு வீட்டோடு நிற்காது. அந்த நொடியில் அந்த அம்மா குரலைத் தாழ்த்துகிறாள், நடந்ததை மறைத்து ஏதோ பதில் சொல்லி அனுப்புகிறாள். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். அது தண்ணீர் இல்லை, நெருப்பு. நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்கிறாள். கதை வெளிவந்ததும் பெரும் கண்டனம் எழுந்தது. நடந்த கொடுமை பலருக்கு உறுத்தவில்லை. தாய் மன்னித்ததுதான் உறுத்தியது.

அந்தக் கண்டனத்துக்கு ஜெயகாந்தன் நாவலாகவே விடை எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலானது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சம்பவம் அதேதான். ஒன்று மட்டும் மாறுகிறது. இங்கே தாய் கனகம் குரலைத் தாழ்த்தவில்லை. வாய்விட்டுக் கதறுகிறாள், தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. அண்ணன் கணேசன் தங்கை கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். தஞ்சாவூர் மாமா வெங்கு அழைத்துப்போய்ப் படிக்க வைக்கிறார். அந்த மாமாவின் கண்ணே அவள்மேல் விழுகிறது. கங்கா படித்து, வேலை பார்த்து, சம்பாதித்து, தனியாளாக நிற்கிறாள். இத்தனைக்கும் தொடக்கம் ஒரு தாயின் குரல் எழுந்ததுதான்.

நாவலுக்குள் ஓர் இடம் இருக்கிறது. வகுப்பில் அந்தப் பகுதி வரும்போதெல்லாம் நான் நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்வேன். ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையைக் கங்கா பத்திரிகையில் படிக்கிறாள். தன் கதை, ஆனால் தாய் மட்டும் வேறு. அதை அவள் தன் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்காத கேள்வியை ஒரு வாரப் பத்திரிகையை நீட்டிக் கேட்டுவிடுகிறாள். அப்போது கனகம் இருப்பது மகளின் சம்பாத்தியத்தில், மகளின் வீட்டில். மகளைத் துரத்தியபோது அவள் இருந்தது மகனின் வீட்டில், மகனின் சோற்றில். கைம்பெண்ணான கனகத்துக்குத் தன்னுடையது என்று ஒரு வீடு எப்போதுமே இருக்கவில்லை. துரத்தாதே என்று மகனிடம் சொல்ல அவளுக்கு எந்த நிலம் இருந்தது காலூன்றி நிற்க? சிறுகதையில் வரும் தாய் ஜெயகாந்தன் விரும்பிய தாய் என்றும், நாவலில் வரும் தாய் அவர் பார்த்துப் பழகிய தாய் என்றும் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் பாடமாக வைப்பது, கனகத்துக்கும் நியாயம் செய்யாது.

இரண்டு கதையிலும் தாய் பயப்படுவது சுற்றியிருப்பவர்களின் காதுக்கு. ஊருக்கு நிரூபிக்க வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தைப் புதுமைப்பித்தன் 1943இலேயே 'சாப விமோசன'த்தில் எழுதிவிட்டார். கல்லாகக் கிடந்து உயிர்பெற்ற அகலிகை, காட்டிலிருந்து திரும்பிய சீதையைச் சந்திக்கிறாள். தீக்குளித்ததைச் சீதை சொல்லக் கேட்டு அகலிகை அதிர்கிறாள். அவளை மன்னித்த ராமனே தன் மனைவியிடம் அதைக் கேட்டானா என்பது அவளால் தாங்க முடியாத செய்தி. உலகுக்கு நிரூபிக்க வேண்டியிருந்ததே என்பது சீதையின் பதில். அகலிகை மீண்டும் கல்லாகிறாள். ஆண் எழுத்தாளர்கள் பெண்ணுக்காகப் பரிந்து எழுதிய கதைகள் அந்தக் காலத்தில் நிறைய உண்டு. இரண்டு பெண்களைத் தனியே உட்காரவைத்து, தங்களுக்கு நடந்ததைத் தாங்களே பேசிக்கொள்ளவிட்ட கதை என்பதால் இது அவற்றிலிருந்து தள்ளி நிற்கிறது.

அடுத்து அம்பை. தாய் மகள் உறவை அவர் அளவுக்கு ஈவிரக்கமில்லாமலும் அவ்வளவு அன்போடும் எழுதியவர் தமிழில் வேறு ஒருவர் இல்லை என்பது என் கருத்து. 'அம்மா ஒரு கொலை செய்தாள்' எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்ட கதை. 'சிறகுகள் முறியும்' தொகுப்பில் 1976இல் நூலேறியது. கதை சொல்பவள் கறுப்பு நிறச் சிறுமி. அவள் கண்ணுக்கு அம்மா பேரழகி, எல்லாம் வல்லவள். அம்மா ஊரில் இல்லாத நாளில் அவள் பெரியவளாகிறாள். மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவளைப் பயமுறுத்துகின்றன. அம்மா வரட்டும், அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா போயிருப்பது தங்கை மகளைப் பெண் பார்க்க வரும் விஷயமாக. பெண் கறுப்பு என்று வந்தவர்கள் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் அம்மா, மகளின் செய்தியைக் கேட்டதும் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். அதை இங்கே நான் சொல்லப்போவதில்லை. கதையில் போய்ப் படியுங்கள். தலைப்பில் இருக்கும் கொலை அந்த வார்த்தைதான்.

மாணவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டு அந்த அம்மாவை வெறுக்கிறார்கள். வெறுக்கட்டும், முதல் வாசிப்புக்கு அது சரிதான். இரண்டாம் முறை படிக்கும்போது அம்மா எந்த வீட்டிலிருந்து வந்து இறங்குகிறாள் என்று பாருங்கள் என்பேன். ஒரு கறுப்புப் பெண்ணுக்குக் கல்யாணச் சந்தையில் என்ன விலை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறாள். வீட்டில் இன்னொரு கறுப்புப் பெண் அன்றுதான் அந்தச் சந்தைக்குத் தகுதி பெற்றிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் கதையில் முகம் காட்டுவதே இல்லை. அவர்கள் சொன்ன தீர்ப்பை மட்டும் அம்மா தன் வாயால் கொண்டுவந்து மகளிடம் சேர்க்கிறாள். ஆண்கள் யாரும் குரலை உயர்த்தாமலேயே ஆண்களின் அதிகாரம் ஒரு சிறுமியின் நெஞ்சுவரை எப்படி வந்து சேர்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய பக்கங்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை. ராஜஸ்தானத்துக் குடும்பம், தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி. வீட்டின் கடைக்கோடியில் சமையலறை. அதன் ஜன்னல் வழியே பச்சை மலைகள் தெரிந்திருக்க வேண்டும், உலர்த்திய துணிகள் மறைக்கின்றன. பாத்திரம் கழுவும் தொட்டி போதாது, தண்ணீர் போக வழியில்லை. அத்தனை பேருக்கும் விதவிதமாக ஆக்கிப்போடும் இடம் அது. கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று மருமகள் கேட்பது மாமனாருக்குப் புரியவே இல்லை. மாமியார் ஜிஜிக்குப் பதினான்கு வயதில் கல்யாணம். சமையலறையைக் கையில் எடுத்துக்கொள், உன்னை அலங்கரித்துக்கொள்ளவும் மறக்காதே, உன் பலம் இந்த இரண்டும்தான் என்று அவளுடைய தாய் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தாய் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த அத்தனை ஞானத்தையும் மகளின் கையில் கொடுத்து அனுப்பினாள். ஜிஜி அதை வைத்து ஒரு ராஜ்ஜியமே ஆண்டாள். வீட்டின் மூத்தவளுக்குக் கணவன் போனதும் அடுக்களை ஆட்சியும் போய்விடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் ஜிஜியும் ஆள்கிறாள்.

இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் அப்போது செலவிட்டது சராசரி 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த 299 நிமிடங்களுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. அம்பையின் அந்தக் கதை சொல்லும். தாய்மார்கள் மகள்களைப் பழக்குவது இந்த நிமிடங்களுக்குத்தான் என்பதையும் சேர்த்தே சொல்லும்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். இந்துக் குடும்பங்களில் மகன்கள் இருக்கும்போதும் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் வரையிலான பங்கு என்பது 1937இல்தான் வந்தது. 1956இன் வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக்கியது, ஆனால் பூர்விகச் சொத்தில் மகனோடு சம பங்காளி ஆக்கவில்லை. அதைத் தமிழ்நாடு 1989இல் திருத்தியது, நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்பு, அ. மாதவையாவின் 'முத்துமீனாக்ஷி' நூலாக வந்தது 1903இல். பத்தாண்டு முன்பே அதன் முதல் வடிவம் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வெளிவரத் தொடங்கி நின்றுபோயிருந்தது. ஒரு பால்ய விதவை தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் கதை. அதில் தொடங்கி 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வரை வரும் தாய்மார்களும் மாமியார்களும் எவ்வளவு சத்தம் போட்டாலும், வீட்டுப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இருப்பது அரிது. கொத்துச்சாவி இடுப்பில் இருக்கும், சொத்து இன்னொருவர் பெயரில் இருக்கும். இன்றும் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்று பயந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும் பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. நம் நாவல் வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை என்பது என் ஆதங்கம். துவரங்குறிச்சிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களின் வீட்டு உட்புறத்தை அந்த நாவல் திறந்து வைத்தது. அதை எழுதியவரையே பூப்பெய்தும் வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள், பல ஆண்டுகள் வீட்டுக்குள் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பின் புகுந்த வீட்டில் ஒளிந்து ஒளிந்து எழுதி, புனைபெயரில் வெளியிட்டார். பின்னாளில் பேரூராட்சித் தலைவரானார். இதெல்லாம் அவரே பொதுவெளியில் சொன்னவை.

நாவலில் சிறுமி ராபியாவைத் தாய் ஜொஹ்ரா அடக்குகிறாள். இன்று ஓடி விளையாடிய தெரு நாளை கிடையாது என்பதை மகளுக்குப் புரியவைக்கிற வேலை அவளுடையது. பக்கம் பக்கமாகப் பெண்கள் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். சிரிப்பு உண்டு, உடலைப் பற்றிய வெளிப்படையான பேச்சு உண்டு, ஒருத்தி இன்னொருத்தியின் தலையில் எண்ணெய் வைக்கும் பிரியம் உண்டு. ஆண்கள் கடைக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பார்கள். ஆனால் ஜமாத் கூடும்போது முடிவு ஆண்களுடையது. வேற்று மதத்தவனோடு மகள் போய்விட்டாள் என்பதற்காக ஓர் ஏழைத் தாயை ஊர் ஒதுக்கி வைக்கிறது. போனவள் போய்விட்டாள், தண்டனை இருப்பவளுக்கு. அதை ஊரில் எல்லாத் தாய்மார்களும் பார்க்கிறார்கள்.

அதைப் பார்த்த பிறகுதான் பிர்தவ்ஸின் முடிவு வருகிறது. கணவனைப் பிடிக்கவில்லை என்று சொல்லித் தலாக் பெற்றுப் பிறந்த வீட்டுக்கு வந்த அழகான இளம்பெண். எதிர்வீட்டு இந்து ஆணோடு ஏற்பட்ட உறவு வெளியே தெரிந்துவிடுகிறது. அவளுக்கு விஷம் கொடுப்பது பெற்ற தாய். பெருங்குரலெடுத்த ஊர்க்கூட்டம் இல்லை, கத்தி இல்லை, வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்தத் தாயைக் கொலைகாரி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். சல்மா நம்மை நகரவிடவில்லை. ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த இன்னொரு தாயின் வாசலை நமக்கு முன்பே காட்டிவிட்டார்.

இதுவரை சொன்ன வீடுகள் பெரும்பாலும் ஓரளவு வசதியும் கௌரவமும் உள்ள வீடுகள். பெண்ணை உள்ளே வைத்துக் காப்பதற்கு முதலில் ஓர் உள் வேண்டும். கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில் தாய் எப்படிக் காவல் நிற்பாள்? 1994இல் வந்த பாமாவின் 'சங்கதி' இந்தக் கேள்வியைத் தமிழுக்குள் கொண்டுவந்தது. பெண்ணின் நிலை என்று ஒருமையில் பேசுவதே தவறு என்று எனக்குக் கற்றுக்கொடுத்த நூல் அது.

அதில் வரும் பாட்டி வெள்ளையம்மா தெருவுக்கே பிரசவம் பார்ப்பவள். கட்டிய கணவன் இலங்கைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனான், திரும்பவே இல்லை. பஞ்சத்தில் தாலியை விற்றுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள், கூலி வேலை செய்து இரண்டு பெண்களை ஆளாக்கினாள். கங்காவின் தாய் கனகத்தால் இப்படி ஒரு காரியத்தை நினைத்துப் பார்த்திருக்க முடியுமா? ஆனாலும் அதே பாட்டி பேத்தியிடம் பேய் பிசாசுக் கதை சொல்லி, தனியே போகாதே, இருட்டில் நிற்காதே என்று மிரட்டவும் செய்கிறாள். காரணம் அடுத்து வரும் மாரியம்மா கதையில் இருக்கிறது. விறகு பொறுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க மோட்டார் கொட்டகைப் பக்கம் போன மாரியம்மாவை நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். தப்பி ஓடி வந்துவிடுகிறாள். பயந்துபோன நிலக்காரன் முந்திக்கொண்டு, மாரியம்மாவையும் தெருப் பையன் ஒருவனையும் சேர்த்துக் கதை கட்டி நாட்டாண்மையிடம் சொல்லிவிடுகிறான். ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு உண்மை தெரியும். வாய் திறந்தவர்களை அடக்கிவிடுகிறார்கள். தன் சாதி ஆண்களும் நிலக்காரனை எதிர்த்துப் பேச முடியாது. அவன் நிலத்தில்தானே நாளைக்கு வேலை. முடிவில் மாரியம்மாவுக்குத் தண்டம், அந்தப் பையனைவிடவும் கூடுதலாக. பாட்டி ஏன் பேயைச் சொல்லிப் பயமுறுத்துகிறாள் என்பது இப்போது தெரிகிறது. நிலக்காரன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்த முடியாது, அதனால் பேயைச் சொல்கிறாள்.

பாமாவின் பெண்கள் திருப்பித் திட்டுவார்கள், தெருவில் நின்று சண்டை போடுவார்கள், பாட்டுக் கட்டுவார்கள். அதைப் படித்துவிட்டு உழைக்கும் பெண்களுக்குச் சுதந்திரம் உண்டு என்று கட்டுரை எழுதுகிற பழக்கம் நம் ஆய்வேடுகளில் இருக்கிறது. வேண்டாம். அந்த வாய்ச்சண்டைக்கு முன் விழுந்த அடியையும் பின் விழுந்த அடியையும் பாமா எழுதியிருக்கிறார். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் சிறுமி மைக்கண்ணியையும் எழுதியிருக்கிறார்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) பற்றி வழக்குகளும் வாதங்களுமாக நிறையப் பேசியாகிவிட்டது, 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் தீர்ப்பும் சொல்லிவிட்டது. அந்தச் சந்தடியில் ஒரு விஷயம் சரியாகப் பேசப்படவில்லை. குழந்தையில்லாத பொன்னாவை, பிள்ளைக்காக வேற்று ஆணோடு சேரலாம் என்று கதையில் வரும் திருச்செங்கோட்டுத் திருவிழாவின் பதினான்காம் நாளுக்கு அனுப்புவது என்று திட்டமிடுகிறவர்கள் அவள் தாயும் மாமியாரும் அண்ணனும். கணவன் காளி இதற்குச் சம்மதிக்கவில்லை. சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவிடம் பொய் சொல்கிறார்கள். காளியின் மனவேதனையை வாசகர்கள் நிறையப் பேசினார்கள். பொன்னாவுக்கு இதில் விருப்பமா என்ற கேள்வி கதைக்குள்ளும் யாருக்கும் எழவில்லை, வெளியே நடந்த விவாதத்திலும் அதிகம் எழவில்லை. கணவன் சொன்னால் அவள் போவாள். ஆகவே கணவன் சொன்னதாகச் சொன்னால் போதும். இரண்டு தாய்களும் அவள்மேல் பிரியம் உள்ளவர்கள். விசேஷ வீடுகளில் மலடி என்று அவள் ஒதுக்கப்படுவதைச் சகிக்க முடியாமல்தான் இதைச் செய்கிறார்கள். நாவலின் கனம் அந்தப் பிரியத்தில் இருக்கிறது.

காவல் வேலையை ஒருவர் மறுத்தால் என்ன ஆகும்? இமையத்தின் 'பெத்தவன்' (2012) அதைப் பற்றியது. தலித் இளைஞனைக் காதலிக்கும் மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊரும் உறவும் பழனியிடம் சொல்லிவிடுகின்றன. கொல்லும் பொறுப்பு பெற்றவனுக்கு. இரவோடு இரவாக அவன் மகளிடம் பணத்தையும் நகையையும் கொடுத்து அனுப்பிவிட்டு, தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அதே ஆண்டு நவம்பரில் தர்மபுரியில் ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இமையம் அதைப் பார்த்து எழுதவில்லை, முன்பே எழுதிவிட்டார். ஆணாகவும் நிலம் உள்ளவனாகவும் இருந்த பழனிக்கே ஊரை மறுப்பதற்கு விலை உயிர் என்றால், கனகமும் பிர்தவ்ஸின் தாயும் எதை வைத்து மறுத்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

அதே இமையத்தின் 'செல்லாத பணம்' (2018), 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி பொறியியல் படித்தவள். ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வெளியே நடக்கிறது. உள்ளே ரேவதி. வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் அவள் தாய் அமராவதியும், அவளைப் போலவே வேறு வேறு ஊர்களிலிருந்து எரிந்த மகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களும். ஒருத்தியின் மகள் எரிந்த கதையை இன்னொருத்தி கேட்கிறாள். மகள் எரிவதற்கு முன் 'ஊர் என்ன சொல்லும்' என்று நினைத்து எதையெல்லாம் சொல்லாமல் விட்டோம், எப்போதெல்லாம் திருப்பி அனுப்பினோம் என்பதை அந்த வராந்தாவில் ஒவ்வொருத்தியும் கணக்குப் பார்க்கிறாள். அப்பாவின் கையில் பணம் இருக்கிறது, இனி அதற்கு வேலையில்லை. தாய்மார்கள் தங்களுக்குள் ஊரின் காதைப் பற்றிய பயமே இல்லாமல் பேசிக்கொள்ளும் இடம் நம் நாவலில் எனக்குத் தெரிந்து அந்த வராந்தா. அங்கே வந்து சேர ஒரு மகள் எரிய வேண்டியிருந்தது என்பதை என்னால் ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆய்வு மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் இங்கே எடுத்துக்கொண்ட நூல்கள் எல்லாம் எளிதாகக் கிடைப்பவை. இவற்றுக்கு முன்னால் பெண்களே எழுதிய பெரும் பரப்பு ஒன்று இருக்கிறது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி' இதழைக் கையில் எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' எழுதினார். பொட்டுக்கட்டும் முறையில் மகளைக் கோயிலுக்கு ஒப்படைக்கும் தாயை, அந்த முறைக்குள்ளிருந்தே வெளியேறி வந்த ஒருவர் எழுதிய நாவல் அது. அதற்குப் பதினோரு ஆண்டு கழித்துத்தான் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. பழைய இதழ்களைத் தேடுபவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலிருந்து தொடங்கலாம்.

அவற்றைப் படிக்கும்போது பெண் கல்வி, மறுமணம் என்று நாம் வழக்கமாகத் தேடும் தலைப்புகளோடு இன்னொன்றையும் குறித்துக்கொண்டே வாருங்கள். கதையில் வரும் ஒவ்வொரு தாயும் யார் வீட்டில் இருக்கிறாள், யார் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறாள், மகளைப் பற்றிய முடிவை முதலில் சொன்னது யார், அதை மகளிடம் கொண்டுபோய்ச் சொன்னது யார். இந்த நான்கையும் வைத்து 1903இலிருந்து 1950 வரை வந்த பெண் எழுத்தாளர்களின் நாவல்களை யாராவது முழுமையாகப் பார்க்க முன்வந்தால், நான் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளை மகிழ்ச்சியோடு தருகிறேன்.